கிட்டார் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்கு வயது 53. நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரம் கண்டிக்குப் போய் ஒரு கிட்டார் வாங்கி, ஹட்டன் பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்தபடி வந்து சேர்ந்தேன். நான் சிறுமியாக இருந்தபோது, நத்தார் காலத்தில் பனியோடு பனியாகத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பாடிக்கொண்டு வரும் குழுவில் ஓர் அண்ணன் கிட்டார் வாசிப்பார். அந்த ஓசை நாற்பது வருடமாக என் காதில் இருந்தது. பிள்ளைகள் படித்து முடித்த பிறகுதான் கையில் கொஞ்சம் காசும் நேரமும் சேர்ந்தன.

இரண்டு மாதம் விடாமல் முயன்றேன். இடது கை விரல் நுனிகள் சிவந்து வீங்கின. எவ்வளவு அழுத்தினாலும் கம்பி ‘டக் டக்’ என்று செத்த ஓசைதான் தந்தது. நகரத்தில் ஒரு வகுப்பில் விசாரித்தேன். இந்த வயதில் விரல் வளையாது, பேரப்பிள்ளைகள் இருந்தால் கொண்டுவந்து சேருங்கள் என்றார்கள். நானும் நம்பினேன். கிட்டார் அலுமாரிக்கு மேலே ஏறியது.

வெசாக் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிப்பவர். கிட்டாரை இறக்கி ஒரே ஒரு கோர்ட், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு, பிடித்துப் பார்த்தார். “அடிமட்டம் இருக்கிறதா டீச்சர்?” என்று கேட்டார். கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகளை, வீணையில் மெட்டு என்போமே, கிட்டாரில் ஃபிரெட் என்கிறார்கள். 12ஆவது ஃபிரெட்டுக்கும் அதன் மேலே ஓடும் தடித்த கம்பிக்கும் இடைவெளி மூன்றரை மில்லிமீற்றர் இருந்தது. இரண்டரைக்கு மேல் போனால் புதிதாகப் பழகுபவருக்குக் கஷ்டம் என்றார். “இதில் என்னாலேயே அரை மணித்தியாலம் வாசிக்க முடியாது, டீச்சர்.”

அன்று பிற்பகலே வேலையைத் தொடங்கினோம். முதலில் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்; அது நேராகத்தான் இருந்தது. பிறகு கம்பிகளைத் தளர்த்தி, கிட்டாரின் உடற்பக்கத்தில் அவற்றைத் தாங்கும் வெள்ளைப் பட்டையைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை அரத்தாளில் தேய்த்தார். 12ஆவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீற்றர் குறைய வேண்டுமென்றால் பட்டையில் இரண்டு மில்லிமீற்றர் தேய வேண்டும். முக்கோணிகளைப் பற்றி இருபத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். என் விரல் வலிக்கு விடை அதில் இருக்குமென்று நினைத்ததே இல்லை. கம்பிகளையும் மாற்றினோம். கடையில் போட்டுத் தந்தவை 12 என்ற அளவு. அதாவது மெல்லிய கம்பியின் தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அதற்குப் பதிலாக 10 போட்டார். அன்று இரவே ஏ மைனர் கோர்ட் முழுதாக ஒலித்தது. அதே விரல்கள், அதே 53 வயது.

நம் மலைப்பகுதியில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ஹட்டன் 4,000 அடிக்கு மேல் இருக்கிறது. தென்மேல் பருவமழை மாதங்களில் சுவரே வியர்க்கும் வீடுகளில் மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. கிட்டாரின் மேல்பலகை மேலெழும்ப, கம்பியும் அதோடு உயர்கிறது. ஆகவே வாங்கும்போது சரியாக இருந்ததும் ஆடி மாதத்தில் மாறிவிடலாம். ஈரத்துக்குப் பயந்து அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிடாதீர்கள். சூட்டில் பலகை வெடிக்கும், ஒட்டு விடும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டை உறைக்குள் போட்டு மூடி வைக்கிறேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைக்கிறேன். துடைக்காமல் விட்டால் துரு ஏறிவிடும்.

பழகும் முறையிலும் ஒரு சொல். எஃப் கோர்ட்டுக்கு ஒரே சுட்டுவிரலால் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். அதை முதல் மாதத்திலேயே கொடுப்பது கொடுமை. ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போக மோதிரவிரல் மட்டும் இடம் மாறினால் போதும், மற்ற இரண்டு விரல்களும் அசைய வேண்டியதில்லை. அங்கிருந்து தொடங்கலாம். அழுத்தும் விரல் ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும்; பாதி வலி அதிலேயே போய்விடும். நான் பாடசாலைக்குப் புறப்படுமுன் தினமும் கால் மணித்தியாலம் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்த நாட்களில் இந்த முன்னேற்றம் இருக்கவில்லை.

நுனி விரலில் காய்ப்பு விழுந்தபோது அம்மாவிடம் காட்டினேன். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். என் விரலைத் தன் விரலோடு சேர்த்துத் தடவிப் பார்த்து, இனி வலிக்காது என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

இந்தக் கடிதத்தை எழுதக் காரணம், எங்கள் பாடசாலையிலேயே இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இதே போலத் தொடங்கி, இதே போல வலித்து, கிட்டாரை மூலையில் வைத்துவிட்டார்கள். கடைக்காரர்கள் ஒரு பழகுநருக்குக் கிட்டாரைக் கொடுக்குமுன் 12ஆவது ஃபிரெட்டில் அளந்து, தேவையானால் சரிசெய்து கொடுக்க வேண்டும். வகுப்பு நடத்துவோர் வயதைக் கேட்குமுன் வந்தவரின் கிட்டாரை ஒரு தரம் வாசித்துப் பார்க்க வேண்டும். வார இறுதியில் பெரியவர்களுக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தவர்கள் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் இருந்தால் இப்பத்திரிகை வாயிலாகவே அறிவியுங்கள். முதல் ஆளாகச் சேர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
நோர்வூட்.