திறக்கும் சன்ரூஃபா, திறக்காத கண்ணாடிக் கூரையா? குமரியில் கார் வாங்குவோர் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓணத்தில் தொடங்கி தீபாவளி வரை நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஷோரூம்களுக்குக் கார் பார்க்க வரும் குடும்பங்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கேட்பது, “சன்ரூஃப் இருக்கா?” என்பதுதான். “இருக்கு சார்” என்று பதில் வந்ததும் பேச்சு நிறத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கூரை திறக்குமா, திறக்காதா, எந்த வகைக் கண்ணாடி, மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. வருடத்தில் இரண்டு பருவமழையும் கொட்டும் நம் மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

சந்தையில் மூன்று வகை உண்டு. ஓட்டுநர் தலைக்கு மேல் மட்டும் சிறிதாகத் திறக்கும் ஒற்றைக் கண்ணாடி சன்ரூஃப். ஹோண்டா சிட்டி, மாருதி பிரெஸ்ஸா மேல் வேரியண்ட்களில் இருப்பது இது. அடுத்தது கிரெட்டா போன்றவற்றில் வரும், பின்சீட்டு வரை நீளும் பனோரமிக். இதில் பாதியைக் கவனிக்காமல் வாங்குகிறார்கள்: பெரும்பாலும் முன்பக்கக் கண்ணாடிதான் திறக்கும், பின்சீட்டுக்கு மேலே இருப்பது அசையாது. மூன்றாவது எம்ஜி வின்ட்சர், மஹிந்திரா பிஇ 6, பிஒய்டி சீல் போன்ற மின்சார வண்டிகளோடு பரவலான, எங்குமே திறக்காத ஒரே கண்ணாடிக் கூரை. முன்கண்ணாடியை ஒட்டுவதுபோல் பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுவார்கள். மோட்டார் இல்லை, கண்ணாடி நகரும் தண்டவாளம் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை.

கூரையில் கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்படும் குமரிக்காரர்களில் பெரும்பாலோருக்குத் திறக்காத வகையே பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

திறக்கும் சன்ரூஃபின் ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை) தண்ணீரை முழுவதுமாகத் தடுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அது வடிவமைக்கப்படவே இல்லை. பீடிங்கைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தேதான் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். அதன் மூலைகளில் விரல் நுழையாத அளவுக்குச் சிறு துளைகள். முன்மூலைக் குழாய்கள் முன்கண்ணாடியை ஒட்டிய தூணுக்குள் இறங்கி முன்சக்கரப் பக்கமோ கதவுக் கீல் பக்கமோ வெளியே வரும். பின்மூலைக் குழாய்கள் பின்தூண் வழியாகப் பின்பம்பர் பக்கம் இறங்கும். இந்தக் குழாய்கள் சுத்தமாக இருக்கும்வரை இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி அடைமழையும் ஒன்றும் செய்யாது. ஒன்று அடைத்தால் போதும், வாய்க்கால் நிரம்பி உள்கூரைத் துணியில் இறங்கும். அதற்கு மேல் குழாய் இணைப்பு கழன்றிருந்தால் துணியில் ஒரு கறைகூடத் தெரியாமல், தூணுக்குள்ளேயே வழிந்து தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும்.

அடைப்பது எது என்று பார்த்தால் அதுவும் உள்ளூர்ச் சமாசாரம்தான். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை வட்டாரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்வு. மற்ற இடங்களில் மாம்பூ, புளிய இலை, தென்னம்பூ. கடலோரத்தில் மணவாளக்குறிச்சி, முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நுண்மணல். காய்ந்த புளிய இலையும் தூசியும் கலந்து நனைந்தால் துளைக்குள் சாணிப்பசை மாதிரி இறுகிவிடும். பல வண்டிகளில் குழாயின் கீழ்முனையில் பூச்சி ஏறாமலிருக்க ஒரு ரப்பர் வாய் இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் அடைக்கும். மேலே பார்த்தால் துளை சுத்தமாகவே தெரியும்.

மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை வீட்டிலேயே சோதித்துவிடலாம். சன்ரூஃபை முழுவதும் திறந்து, ஈரத் துணியால் வாய்க்காலைத் துடைத்த பிறகு, 200 மில்லி டம்ளரில் தண்ணீர் எடுத்து முன்மூலைத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் அந்தப் பக்கத்து முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் ஓட்டமாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. பின்துளைகள் கைக்கு எட்டாத வண்டிகள் அதிகம். அதற்கு முன்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, பக்கவாட்டு வாய்க்காலில் ஊற்றினால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். தக்கலைக்கு மேற்கே மேட்டுப் பாங்கான ஊர்களில் வீட்டுக்கு ஏறும் பாதையிலேயே வண்டி நிற்பதால், மழை முழுவதையும் பின்குழாய் இரண்டும்தான் வாங்கிக்கொள்கின்றன. முன்குழாயை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது அங்கே உதவாது.

அடைப்பை எடுக்கப் புல்வெட்டும் மெஷினில் போடும் 2 மி.மீ. நைலான் நரம்பு ஒன்றரை மீட்டர் போதும். முனையைத் தீக்குச்சியில் லேசாக உருக்கி மழுக்கிக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி உள்ளே விட வேண்டும். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம், குழாயைக் குத்திக் கிழித்துவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை மேலிருந்து அடிப்பதும் அப்படித்தான். அடைப்பு அசையாத இடத்தில் அழுத்தம் இணைப்பைக் கழற்றிவிடும். அதுவரை வெறும் அடைப்பாக இருந்தது, உள்கூரையையே கழற்றிப் பார்க்க வேண்டிய வேலையாகிவிடும். வாட்டர் வாஷ் செய்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்: சன்ரூஃப் விளிம்பில் துப்பாக்கியைக் கிட்ட வைத்து அடிக்கக் கூடாது.

உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டதா என்று அறியத் தரைவிரிப்பின் மேல் கை வைத்தால் போதாது. அடியில் இருக்கும் பஞ்சுதான் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கதவோரப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் தூக்கி, விரலை அடியில் விட்டுப் பாருங்கள். முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் பச்சைக் களிம்பு பிடித்தால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்தாலும் இடதுபக்க முன்சீட்டுக் கால் வைக்கும் இடம் நனையும். மழையில்லாத நாளில் ஏசி ஓட்டியபின் நனைந்தால் ஏசி. வண்டி நின்றிருந்து, ராத்திரி மழைக்குப் பிறகு நனைந்தால் சன்ரூஃப். இதைப் பிரித்துச் சொல்லாமல் ஒர்க்ஷாப்பில் விட்டால் ஏசியைக் கழற்றி மாட்டியதற்கும் சேர்த்துப் பில் வரும்.

உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து செய்யும் வேலை தனி. கடற்கரையில் வண்டியை நிறுத்தி சன்ரூஃபைத் திறந்து வைத்தால், தண்டவாளத்தில் பூசியிருக்கும் கிரீஸில் மணல் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அரைபடும். முதலில் கரகரப்பு, அடுத்து ஒருபக்கம் கோணலாக மூடுவது, கடைசியில் ஏதோ தடுக்கிறது என்று எண்ணி, மூடப்போன கண்ணாடி தானாகத் திரும்பத் திறந்துகொள்வது. விரல் மாட்டாமலிருக்க வைத்த பாதுகாப்பு அது, கோளாறு அல்ல. பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, கம்பெனி சொல்லும் கிரீஸைச் சிறிதளவு பூச வேண்டும். பீடிங்குக்குச் சிலிக்கான் ஸ்பிரே. தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் இரண்டும் கூடாது. ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பேட்டரி மாற்றியபின் சன்ரூஃப் பாதியில் நின்றால் உடனே பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் மூடும் பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் அது தன் இடத்தை மறுபடி கற்றுக்கொள்ளும். முறை கையேட்டில் இருக்கும்.

திறக்காத கூரைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதன் எதிரி வெயில். குமரி 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் நாள்களிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நேரத்தில் கண்ணாடிக் கூரை முழுப் பரப்பிலும் வெயிலை வாங்கும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கூரை, தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்தும். வெப்பத்தை நிறுத்துவது வேறு விஷயம். அதற்கு அகச்சிவப்புக் கதிரைத் திருப்பும் பூச்சு வேண்டும். இல்லையென்றால் ஏசி ஓடியும் உச்சந்தலை மட்டும் காயும்.

எனவே உள்திரை மிக முக்கியம். சிறிய சன்ரூஃபில் வருவது கெட்டியான பலகைத் திரை, வெளிச்சமே விடாது. பனோரமிக்கில் பெரும்பாலும் சுருளும் துணித்திரை. திறக்காத கூரை கொண்ட சில வண்டிகளில் திரையே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஷோரூமில் திரையை மூடி மேலே செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகக் கசிந்தால் வெப்பமும் அப்படியே வரும். டெஸ்ட் டிரைவை மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகல் 12 மணிக்குப் போய், வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லி, பிறகு பின்சீட்டில் உட்காருங்கள். விற்பனைப் பிரதிநிதி முகம் சுளிப்பார், பரவாயில்லை. அதே சமயம் தலைக்கும் கூரைக்கும் இடையே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். திறக்கும் கண்ணாடியும் அதன் சட்டமும் உள்கூரைக்குள் இடம் பிடிப்பதால், உயரமானவர்களுக்கு முன்சீட்டில் தலை தட்டும்.

சூட்டுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகன விதி 100 முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதம், பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. கூரைக்கு அதில் அளவு இல்லை. ஆனாலும் வெப்பத்தை உறிஞ்சும் மலிவு ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடியே சூடேறி விரிசல் விட வாய்ப்பு உண்டு, வாரண்டியும் கேள்விக்குறியாகும். நல்ல திரைக்குச் செலவழிப்பது மேல்.

உடையும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. கண்ணாடியின் மூலையில் பொடியெழுத்தில் டெம்பர்டு, லேமினேட்டட் என்றோ அதற்கான குறியோ அச்சிட்டிருக்கும். திறக்கும் கண்ணாடிகளில் டெம்பர்டு சகஜம். அடிபட்டால் கல்கண்டுத் துண்டுகளாகச் சிதறி மடியில் விழும். லேமினேட்டட் சிலந்திவலையாக விரிந்தாலும் அந்த இடத்திலேயே ஒட்டி நிற்கும். ஆனால் தென்னைக்கு அடியில் நிறுத்தினால் எந்தக் கண்ணாடியும் நெற்றுத் தேங்காய்க்குத் தாங்காது. தகரக் கூரை நெளிவதோடு போகும். கார் ஷெட் இல்லாமல் தோப்பு வீட்டில் இருப்பவர்கள் கண்ணாடிக் கூரை இல்லாத வேரியண்டை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஷெட் போடுவது நல்லது.

இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதியைக் கழிப்பார்கள். மோட்டார், தண்டவாளம் போன்றவற்றுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தால் இந்தக் கழிவுகள் பெரும்பாலும் இராது. குழாய் அடைத்துத் தண்ணீர் புகுந்தால் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிட இடமுண்டு. திறக்கும் வகையை வாங்குவோர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியே கடை வைத்துக் கூரையை வெட்டி சன்ரூஃப் பொருத்தித் தருபவர்களிடம் போகவே கூடாது. குறுக்குச் சட்டங்களை வெட்டினால் வண்டி உருளும்போது கூரை அமுங்கும். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 கம்பெனி அமைப்பை இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை.

திறக்கும் சன்ரூஃபால் பயனே இல்லையா என்றால், உண்டு. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் பின்விளிம்பை மட்டும் தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் ஓட்டினால் உள்ளே அடைந்த சூடு மேலே போய்விடும். கதவுக் கண்ணாடியை இறக்கினாலும் ஏறக்குறைய அதுவே நடக்கும் என்பது வேறு. ஆனால் பலர் வாங்குவது பிள்ளைகளை மேலே நிற்க வைக்கத்தான். களியக்காவிளை சாலையிலும் கன்னியாகுமரி சாலையிலும் விடுமுறை நாளில் இதைப் பார்க்கலாம். சடன் பிரேக் அடித்தால் பிள்ளையின் மார்பும் கழுத்தும் மோதுவது கூரை விளிம்பில். தாழ்ந்த கிளையையும் கேபிள் ஒயரையும் ஓட்டுகிறவர் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட் இல்லாமல் பயணித்தால் பிரிவு 194பி-யின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. குரல் கட்டளைக்குத் திறக்கும் வண்டிகளில் பின்சீட்டுச் சிறுவன் ஆணையிட்டாலே கூரை திறந்துவிடுவதால், அந்த வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தின் கார் விற்பனையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் “சன்ரூஃப்: உண்டு” என்று ஒற்றை வரியில் முடிக்காமல், திறக்குமா, எந்தக் கண்ணாடி, திரை உண்டா, கண்ணாடி உடைந்தால் உதிரிபாகத்தின் விலை என்ன, மின்சாரம் இல்லாமல் கையால் மூட வழி உண்டா என்ற ஐந்தையும் அச்சிட்டுக் கொடுங்கள். முன்பணம் கட்டுவோரும் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டட்டும்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.