ஆய்வுத் துறைகளில் ஏற்றத்தாழ்வு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடனடிப் பயன் தரும் துறைகளில் மட்டுமே பல்கலைக்கழகங்கள் ஆய்வு நடத்த வேண்டும் என்போர், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். பட்டம் பெறாத கணித மேதை இராமானுஜனுக்கு 1913இல் ஆய்வு உதவித்தொகை அளித்த அதே நிறுவனம்தான், பல்லாண்டு உழைப்பில் உருவான தமிழ்ப் பேரகராதியைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவுடையது என்பதை ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்ததும் அங்கேதான். உலகறிந்த சாதனை அது. கணிதமும் சொற்பொருளும் புரத அமைப்பும் ஒரே பல்கலைக்கழகத்தில் செழித்ததற்குக் காரணம், எந்தத் துறையையும் வருமானத்தை வைத்து எடைபோடாததே என்று கருதுகிறேன். எனவே, மாணவர் குறைவு என்பதற்காக மொழியியல், கல்வெட்டியல், தாவரவியல் போன்ற துறைகளின் ஆசிரியப் பணியிடங்களை நிரப்பாமல் விடும் போக்கை அரசும் பல்கலைக்கழகங்களும் கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சென்னை