தாயின் இலக்குக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் பேசப்போகும் தாய்மார் பலர், வாய்வார்த்தையை நம்பித் திரும்பிவிடுகிறார்கள். வகுப்பு ஆசிரியர் மாறினால் அதுவும் போய்விடும். முடிவானதை அன்றே பள்ளிக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, விடுபட்டதைத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கான கற்றல் இலக்கையும் பள்ளி எழுதித் தர வேண்டும். 'பேச்சு மேம்படும்' என்பது இலக்கே அல்ல. அதை அளக்க முடியாது. 'தண்ணீர் வேண்டுமென்றால், யாரும் தூண்டாமல், 5 முறையில் 4 முறை படத்தைக் காட்டிக் கேட்பான்' என்று எழுதச் சொல்லுங்கள். யார் கற்பிப்பார், வாரத்துக்கு எத்தனை நிமிடம், யார் குறித்துவைப்பார், எப்போது மறுபரிசீலனை என்பதெல்லாம் அதே தாளில் வர வேண்டும்.

பிள்ளையின் இலக்கைப் போலத் தாயின் இலக்குக்கும் இடம் வேண்டும். தாயின் சொந்தப் படிப்பும் வேலையும் தள்ளிப்போவதற்கு ஒரு காரணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதுதான். மருந்தின் அளவு, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, பதற்றத்தின் முதல் அறிகுறி, அமைதிப்படுத்தும் வழி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள். இன்னொருவரைக் கூடவே இருந்து பழக்குங்கள். பிறகு அரைமணி நேரம் வெளியே போய்ப் பாருங்கள். அப்பாக்கள் இதைப் பழகாமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

சிகிச்சை நேரம் குறித்த நாட்காட்டியிலேயே தாயின் வகுப்பு நேரத்தையும் குறியுங்கள். இரண்டும் மோதினால் சிகிச்சையாளரிடம் வேறு நேரம் கேளுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர்