சங்கத்தில் சேர்ந்துவிட்டேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, மன்னித்துக்கொள். முழங்கால் வலி இப்போது தேவலை. மகள் படிப்பை முடித்துவிட்டாள். அப்புறம், நீ சிரிக்கப்போகிற சங்கதி ஒன்று: எங்கள் ஆலைத் தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். "சந்தா வாங்குவதைத் தவிர இவர்களுக்கு என்ன வேலை" என்று இருபது வருடமாக உன்னோடு சேர்ந்து கேலி பேசியவன்தான்.

காரணம் ஒரு விசிறி. எங்கள் பேக்கிங் பிரிவில் தூசியை வெளியே தள்ளும் விசிறி நின்று நான்கு மாதம். எல்லோருக்கும் இருமல். தனியாகப் போய்ச் சொன்னேன், "பார்க்கிறோம்" என்றார்கள். இன்னொரு முறை சொன்னேன். மறு வாரமே என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு சங்கத்துக்காரர் ஒருவர் அறுபத்திரண்டு கையெழுத்தோடு மனு கொடுத்தார். பத்தே நாளில் புது விசிறி. நான் சொன்னதற்கு மேல் அந்த மனுவில் ஒரு வார்த்தைகூட இல்லை, அதுதான் எரிச்சல்.

அதற்கப்புறம்தான் ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்ததைப் பற்றித் தேடிப் படித்தேன். 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த சவார். முந்தின நாளே கட்டடத்தில் விரிசல். அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. தையல் ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டல் வேறு. கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். விரிசல் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்ததுதான். "போக மாட்டோம்" என்று சேர்ந்து சொல்ல அங்கே சங்கம் இல்லை. அடுத்த மாதம் சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் பெரிய ஆடை நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையும் அதில் உண்டு.

"கணினி முன் உட்காரும் எனக்கு எதற்குச் சங்கம்" என்று எழுதியிருந்தாய். சரி, இரவு பதினொன்றுக்கு மேலாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் அனுப்புகிறாயே, அது எந்தக் கணக்கு? பிரான்சில் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், வேலை நேரம் முடிந்தபின் ஆளைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும் என்று 2017 முதல் சட்டம். ஜெர்மனியில் ஐ.ஜி. மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கம் 2018-ல், இரண்டு ஆண்டு வரை வாரம் 28 மணி நேரம் மட்டும் வேலை பார்க்கும் உரிமையைப் பேசி வாங்கியது. சம்பளமும் குறையும்தான், ஆனால் முழு நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

எங்கள் சங்கம் உத்தமம் என்று நினைத்துவிடாதே. போன கூட்டத்தில் அறிவிப்புப் பலகையில் யார் பெயர் முதலில் என்று ஒன்றரை மணி நேரம் சண்டை. கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்ப்பதா என்பதற்குப் பத்து நிமிடம். எங்கள் பிரிவில் பாதிப் பேர் கான்ட்ராக்ட். வேலை போய்விடும் என்று பயந்து அந்த மனுவில் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. இருமல் அவர்களுக்கும்தான்.

அடுத்த கூட்டத்தில் இதை நான் எழுப்பப்போகிறேன். நாலு பேர் முன் நின்றால் எனக்கு வாய் குழறும், உனக்குத் தெரியாதா? இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு, சீக்கிரம்.

உன் பழைய நண்பன்