நெஞ்சு அடைத்தால் வெளியே வரச் சொல்லுங்கள்

வேலூர் மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2020 ஏப்ரலில் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கு மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தினமும் வரும். ‘வீட்டிலேயே இருங்கள், வெளியே வராதீர்கள்’ என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போகும். என் பெரியப்பா அதை அப்படியே கேட்டார். ஒருநாள் விடியற்காலை அவருக்கு நெஞ்சை அடைத்தது. வாயுதான் என்று ஓமத் தண்ணீர் குடித்தார், அப்புறம் சோடா. பனியன் முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு வியர்த்தும் 108-ஐக் கூப்பிட விடவில்லை. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா வார்டுல போட்டுடுவாங்க, வீட்டுக்குத் தகரம் அடிச்சுடுவாங்க’ என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிழைத்துவிட்டார். ஆனால் அடைப்பைக் கரைக்க ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது. இன்றைக்கு டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

பயந்தது அவர் மட்டும் இல்லை. அமெரிக்காவிலேயே அந்த மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரை அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைவு. கொரோனாவுக்காக அங்கே நெருக்கடி நிலை அறிவித்த பிறகு வந்த 10 வாரங்களில், மாரடைப்போடு வந்தவர்களே 23 சதவீதம் குறைந்தார்கள். கொரோனா வந்ததால் மாரடைப்பு நின்றுபோகுமா? அவர்களில் பலர் வீட்டிலேயே வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருப்பார்கள்.

2021 மே மாதம் எல்லாம் தலைகீழ். ஆக்சிஜனுக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. அந்தக் கூட்டத்தைப் பார்த்தும் மற்ற நோயாளிகள் பயந்தார்கள்.

சரி, இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்யலாம்? காய்ச்சல், சளி என்று வருபவர்களுக்கு அவசரப் பிரிவில் தனி வழி வையுங்கள். அப்படி வைத்திருப்பதை ஊருக்குள் வந்து சொல்லுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் பெண்கள் சொன்னால் எங்கள் ஊரில் கேட்பார்கள். வியர்வையோடு நெஞ்சு அடைப்பது வாயு இல்லை என்பதை இப்போதே அவர்களைச் சொல்ல வையுங்கள்.

அப்புறம் அந்த ஆட்டோ. அது மறுபடி வந்தால் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்: ‘நெஞ்சு அடைத்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் இழுத்தாலோ, பாம்பு கடித்தாலோ வீட்டில் இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள்.’

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டத்துக்காரன்