கர்ப்பிணிகளும் டாக்சோபிளாஸ்மா பரிசோதனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனை மலத்தின் வழியே பரவி, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியைப் பற்றிய செய்திகள் கைபேசி வழியே பரவுவதால், எங்கள் தக்கலைப் பகுதியில் கர்ப்பிணி இருக்கும் சில வீடுகளில் வளர்த்த பூனையைத் தொலைவில் கொண்டு விட்டுவிடுகிறார்கள். அச்சம் நியாயமானதே, ஆனால் கவனம் செல்ல வேண்டிய இடம் வேறு.

புதிதாகத் தொற்றிய பூனை பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்கள் மட்டுமே மலத்தில் இந்த ஒட்டுண்ணியை வெளியேற்றுகிறது. வெளியேறியது ஈரமண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால், விளையில் வெறுங்கையால் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் உண்பதும், கிணற்றுநீரைக் காய்ச்சாமல் குடிப்பதும்தான் கூடுதல் ஆபத்து. கறி வழியாகவும் இது தொற்றும் என்றாலும், நன்கு வெந்த மாட்டுக்கறியால் கேடில்லை. பாதி வெந்த கறியில் உப்புப் பார்ப்பதையும், பச்சைக்கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் அரிவதையும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

இதைவிட என்னை வருத்துவது, கருவைப் பாதிக்கக்கூடிய இதுபோன்ற சில தொற்றுகளைக் கண்டறியும் 'டார்ச்' என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவுகள் படிக்கப்படும் விதம். தொற்றுக்குப் பின் உடலில் நெடுங்காலம் தங்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஜி 'பாசிட்டிவ்' என்று வந்ததுமே கருவைக் கலைத்துவிடலாமா என்று கண்ணீரோடு கேட்ட பெண்களை என் செவிலியர் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஐஜிஜி மட்டும் இருப்பது பெரும்பாலும் பழைய தொற்றின் அடையாளம். நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள தாய்க்கு அது கருவைக் காக்கும் அரணே ஆகும். புதிய தொற்றின்போது முதலில் தோன்றும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள்கூடச் சிலருக்கு ஓராண்டுக்கு மேல் நீடிப்பதால், தொற்று பழையதா புதியதா என்று அறிய உதவும் 'அவிடிட்டி' பரிசோதனையும் மருத்துவரின் விளக்கமும் இல்லாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தொடர் கருச்சிதைவுக்கு இந்தத் தொற்றைக் காரணமாகச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் மட்டும் நிலைமை கடுமையானது. தொடக்க மாதங்களில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்புக் குறைவு, பரவினால் மூளையிலும் கண்ணிலும் பாதிப்பு அதிகம். கடைசி மாதங்களில் பரவும் வாய்ப்பு மிகுதி, ஆனால் பிறக்கும்போது குழந்தை பெரும்பாலும் நலமாகவே தோன்றும். அத்தகைய குழந்தைக்கும் பல ஆண்டுகள் கழித்து விழித்திரையில் அழற்சி வரக்கூடும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் ஸ்பைராமைசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

பிரான்சில் முன்பு இந்தத் தொற்று வராத கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் பரிசோதனை செய்கிறார்கள். அத்தனை செலவை நான் கேட்கவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே கிராம சுகாதாரச் செவிலியர் மண், தண்ணீர், கறி ஆகிய மூன்றைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசட்டும். ஆய்வகங்கள் முடிவுத்தாளில் 'ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய தொற்றாக இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கள்' என்று தமிழில் ஒரு வரி அச்சிடட்டும். தொற்று உறுதியான தாய்மார்களின் குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்க மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.