காலண்டர் அச்சிடுகிறவர்களுக்குப் பாலக்கோட்டிலிருந்து ஒரு மடல்

தினசரிக் காலண்டர் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பும் அச்சக முதலாளிகளுக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் கடைப் பெயர் போட்டு 500 காலண்டர் வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறேன். தாளில் சந்தேகம் வந்தால் யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. என் கல்லாவுக்குத்தான் வருகிறார்கள்.

தை மாதம், ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. தக்காளி லோடு ஏற்றிய டிரைவர் தம்பி ஒருவர் கடை வாசலிலேயே நின்றார். தாளில் ராகு காலம் 7.30 முதல் 9 வரை. மணி 9.05 ஆனதும் எலுமிச்சம்பழத்தை நசுக்கி நிம்மதியாகக் கிளம்பினார்.

பகலை எட்டுப் பங்காக்கி, திங்கட்கிழமையில் இரண்டாம் பங்கை ராகுவுக்குக் கொடுப்பதுதான் முறை. 6 மணிக்கு விடிந்து 6 மணிக்குப் பொழுது சாய்ந்தால்தான் அது 7.30க்குத் தொடங்கும். நம் கடிகார நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது. நாங்கள் இருப்பது 78 பாகையில். சூரியன் எங்களிடம் வர 17 நிமிஷத்துக்கு மேல் பிந்தும். ஜனவரி கடைசியில் இங்கே உதயம் ஏறத்தாழ 6.43, அஸ்தமனம் 6.16. கணக்குப் போட்டால் அன்றைய ராகு காலம் 8.10 முதல் 9.36 வரை. தம்பி கிளம்பியது அதற்குள்ளேதான்! வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, அது வேறு விஷயம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக் காத்திருக்கிறவருக்குக் கணக்காவது சரியாக இருக்க வேண்டாமா? மே கடைசியில் பார்த்தால் திங்கட்கிழமைக்கு 7.27 முதல் 9.03 வரை வருகிறது, உங்கள் தாளோடு ஒட்டிப்போகிறது. தை, மாசி போன்ற மாதங்களில்தான் வம்பு.

திதியிலும் இதே பாடு. ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் ஓடும். காலையில் சப்தமி, மதியத்துக்கு மேல் அஷ்டமி என்றிருக்கும் நாளில் நீங்கள் 'சப்தமி' என்று மட்டும் போட்டால், அதியமான்கோட்டை காலபைரவரைத் தேய்பிறை அஷ்டமியில் கும்பிடப் போகிறவர் மறுநாள் போய் நிற்பார். போன வருஷம் ஒரு அக்கா அப்படிப் போய்த் திரும்பி, கோபத்தை என்னிடம் காட்டினார். திதி மாறும் மணியையும் போடுங்கள். எந்தப் பஞ்சாங்கக் கணக்கு, வாக்கியமா, திருக்கணிதமா என்றும் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் சில நாள் மணிக்கணக்கில் வித்தியாசம் வருகிறது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறவுக்காரர்கள் பங்குனி அமாவாசை கழிந்ததும் யுகாதி கொண்டாடுகிறார்கள். அந்தத் தாளில் அதைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள்.

அடுத்த வருஷத்துக்கும் 500தான். முருகன் படமே இருக்கட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்குப் போகும் தாளில் எங்கள் ஊர் உதயமும் அஸ்தமனமும் ஒரு வரி வேண்டும். இடம் போதாவிட்டால் என் கடை விளம்பரத்தைச் சின்னதாக்கிக் கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு மளிகைக் கடைக்காரன்